வலைப்பக்கங்களில் விரிசுருக்கப் பகுதிகள்: நிகழ்வுக் கையாளலின் வரலாறு

வலைப்பக்கம் ஒன்றில் ஒரு தலைப்பு வரியை அழுத்தியதும் அதன்கீழ் மறைந்திருந்த பகுதி விரிவதும், மறுபடி அழுத்தியதும் சுருங்குவதும் இன்று பலரும் பொருட்படுத்தாத அளவுக்குப் பழகிப்போன செயல்கள். அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளின் பட்டியல், விண்ணப்பங்களின் கூடுதல் விளக்கம், கலைக்களஞ்சியக் கட்டுரையின் உள்ளடக்கப் பெட்டி எனப் பல இடங்களில் இவற்றைக் காணலாம். தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரைகளின் உள்ளடக்கப் பெட்டியில் இடம்பெற்ற ‘காட்டு’, ‘மறை’ என்னும் சொற்களும் இவ்வகையைச் சேர்ந்தவையே. இக்கட்டுரையில் இவை விரிசுருக்கப் பகுதிகள் எனப்படுகின்றன. இத்தகைய பகுதிகளின் அடுக்கு, துருத்தியின் மடிப்புகளைப் போல விரிந்து சுருங்குவதால், அக்கார்டியன் என்னும் இசைக்கருவியின் பெயராலும் வழங்கப்படுகிறது.

பார்வைக்கு எளிதான இச்செயலை எல்லா முதன்மை உலாவிகளும் தாமாகவே செய்யும் நிலை வர, வலைப்பக்கத்துக்கு நிரல்மொழி வந்த 1995 முதல் கணக்கிட்டால், ஏறத்தாழ 25 ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் ஒவ்வொரு தளமும் தனக்கான மடிப்பைத் தானே உருவாக்கிக்கொண்டது. அவற்றுள் பல, சுட்டியைப் பிடிக்க இயலாதவர்களுக்கும் பார்வையற்றோருக்கும் திறக்காத கதவுகளாகவே இருந்தன. நிரல் கவனிக்க வேண்டியது பயனரின் விரலையா, பகுதியின் நிலையையா என்னும் கேள்வி இவ்வரலாறு முழுவதும் தொடர்கிறது.

அடிப்படைக் கருத்துகள்

உலாவி ஒரு வலைப்பக்கத்தைப் படித்தவுடன் அதிலுள்ள தலைப்பு, பத்தி, பட்டியல், பொத்தான் ஆகியவற்றை ஒன்றனுள் ஒன்று அடங்கிய உறுப்புகளாக, கிளைவிட்ட மரம் போல நினைவகத்தில் அமைத்துக்கொள்கிறது. மரத்தின் உச்சியில் ஆவணமும், அதனுள் உடற்பகுதியும், அதனுள் பட்டியலும், பட்டியலுக்குள் பொத்தானும் இருக்கும். பயனர் சுட்டியை அழுத்துவது, விசையைத் தட்டுவது, பக்கம் முழுமையாக ஏற்றப்படுவது போன்ற ஒவ்வொன்றும் ஒரு நிகழ்வு எனப்படும். ஒரு நிகழ்வு நேரும்போது இயங்குமாறு எழுதிவைக்கப்படும் நிரல்துண்டு நிகழ்வுக் கையாளி ஆகும்.

விரிசுருக்கப் பகுதிக்கு மூன்று கூறுகள் தேவை. முதலாவது, எப்போதும் கண்ணுக்குத் தெரியும் தலைப்பு. இரண்டாவது, தேவைப்படும்போது மட்டும் தோன்றும் உள்ளடக்கம். மூன்றாவது, பகுதி இப்போது திறந்துள்ளதா மூடியுள்ளதா என்னும் நிலை. தலைப்பின் மேல் நேரும் நிகழ்வுக்கும் உள்ளடக்கத்தின் நிலைக்கும் இடையே உள்ள தொடர்பை ஒழுங்குபடுத்துவதே நிகழ்வுக் கையாளல். அழுத்தல் என்பது ஒரு செயல். திறந்திருத்தல் என்பது ஒரு நிலை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதியதால்தான் பின்னாளில் பல குழப்பங்கள் நேர்ந்தன.

வலைக்கு முந்தைய முயற்சிகள்

உரையை மடித்து வைக்கும் எண்ணம் வலையைவிட மூத்தது. 1965-இல் ‘ஹைப்பர்டெக்ஸ்ட்’ என்னும் சொல்லை வெளியிட்ட டெட் நெல்சன், 1967-இல் ‘ஸ்ட்ரெட்ச்டெக்ஸ்ட்’ என்னும் கருத்தை முன்வைத்தார். வாசகர் விரும்பும் அளவுக்கு உரை அதே இடத்தில் நீண்டு விளக்கம் தர வேண்டும். அவர் வேறு பக்கத்துக்குச் செல்லத் தேவையில்லை என்பதே அதன் சாரம்.

1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கணினி மாநாட்டில் டக்ளஸ் எங்கல்பார்ட் தம் குழுவின் கணினி அமைப்பை ஏறத்தாழ 90 நிமிடங்கள் செய்துகாட்டினார். கணினிச் சுட்டியின் புகழ்பெற்ற முதல் பொதுவிளக்கமாக அது நினைவுகூரப்படுகிறது. அதே விளக்கத்தில் கடைக்குச் சென்று வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியல் ஒன்றை அவர் வகைபிரித்து, தலைப்புகள் மட்டும் தெரியுமாறு சுருக்கியும் உட்பொருள்கள் தெரியுமாறு விரித்தும் காட்டினார்.

1980-களில் இக்கருத்து வீட்டுக் கணினிகளுக்கு வந்தது. டேவ் வைனர் உருவாக்கிய ‘திங்க்டேங்க்’ 1983-இலும், ‘மோர்’ 1986-இலும் வெளியாயின. இவை தலைப்புகளின் கீழ் துணைத்தலைப்புகளை மடித்து வைக்கும் எழுதுகருவிகள். இங்கிலாந்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் பீட்டர் பிரவுன் 1982-இல் தொடங்கிய ‘கைடு’ என்னும் அமைப்பு மேலும் ஒரு படி சென்றது. அதில் ஒரு சொல்லை அழுத்தினால், அச்சொல் இருந்த இடத்திலேயே அதன் விரிவுரை வந்து அமரும். 1986-இல் ‘கைடு’ மெக்கின்டாஷ் கணினிக்கான வணிகப் பொருளாக வெளிவந்தது.

1987-இல் பில் அட்கின்சன் உருவாக்கி ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட ‘ஹைப்பர்கார்டு’ நிகழ்வுக் கையாளலின் வரலாற்றில் தனியிடம் பெறுகிறது. அதில் ஒரு பொத்தானை அழுத்தினால் அச்செய்தி முதலில் பொத்தானுக்குச் செல்லும். பொத்தானில் கையாளி இல்லையென்றால் அது அமைந்துள்ள அட்டைக்கும், பிறகு பின்னணிக்கும், பிறகு அட்டைக்கட்டுக்கும் செய்தி ஏறிச் செல்லும். கீழ்நிலை அலுவலர் கவனிக்காத மனு மேல்நிலை அலுவலரிடம் செல்வது போன்ற முறை இது. 1991-இல் வந்த மெக்கின்டாஷ் சிஸ்டம் 7, கோப்புறைகளின் பெயருக்கு முன்னால் ஒரு சிறு முக்கோணத்தை வைத்தது. பக்கவாட்டில் நோக்கும் முக்கோணம் மூடிய நிலையையும், கீழ்நோக்கும் முக்கோணம் திறந்த நிலையையும் குறித்தன. இன்றைய உலாவிகளில் காணப்படும் முக்கோணத்தின் முன்னோடி இதுவே.

ஆன்கிளிக்கின் தோற்றம்

டிம் பெர்னர்ஸ்-லீ சேர்ன் ஆய்வகத்தில் உருவாக்கிய வலையில் தொடக்கத்தில் இத்தகைய மடிப்புகளுக்கு இடமில்லை. இணைப்பை அழுத்தினால் வழங்கியிலிருந்து வேறொரு பக்கம் வரும்; அவ்வளவே. ஒரு பட்டியலை விரிக்க வேண்டுமென்றாலும் புதிய பக்கத்தையே வரவழைக்க வேண்டியிருந்தது. தொலைபேசிக் கம்பி வழியாக இணையம் வந்த காலத்தில் இது பொறுமையைச் சோதிக்கும் செயல்.

1995 மே மாதத்தில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய பிரெண்டன் ஐக், பத்து நாள்களில் ஒரு நிரல்மொழியின் முதல் வடிவை எழுதினார். அதுவே ஜாவாஸ்கிரிப்ட். அம்மொழி நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2.0 உலாவியில் இடம்பெற்றது. ‘ஆன்கிளிக்’, ‘ஆன்மவுஸ்ஓவர்’ போன்ற பண்புகளை உறுப்பின் மீதே எழுதி, அழுத்தும்போதோ சுட்டி மேலே வரும்போதோ நிகழவேண்டியதைக் குறிப்பிட முடிந்தது. ‘ஆன்’ என்று தொடங்கும் இப்பெயரிடும் முறைக்கு ஹைப்பர்கார்டின் மொழி தூண்டுதலாக இருந்தது.

நிகழ்வைக் கேட்க வழி பிறந்தாலும், உள்ளடக்கத்தை மறைக்க வழி பிறக்கவில்லை. 1996 டிசம்பரில் வெளியான அழகுநடைத் தாள் மொழியான சிஎஸ்எஸ்-இன் முதல் பதிப்பு, ஓர் உறுப்பைக் காட்டாமல் விடுவதற்கான ‘டிஸ்பிளே நன்’ என்னும் விதியைத் தந்தது. அழுத்தும்போது இவ்விதியை மாற்றினால் பகுதி விரியும் என்பது கோட்பாட்டளவில் எளிது. நடைமுறை வேறாக இருந்தது. 1997-இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4, பகுதி விரிந்ததும் கீழே உள்ள உரையைத் தள்ளி இடம் கொடுத்தது. அதே ஆண்டு வந்த நெட்ஸ்கேப் 4, ஏற்றி முடித்த பக்கத்தை அவ்வாறு மறுபடி அடுக்க அறியாதது. அதில் தனி அடுக்குகளை மேலே மிதக்கவிட்டுக் காட்டவும் மறைக்கவும் மட்டுமே முடிந்தது. எனவே, ஒரே மடிப்புக்கு இரண்டு நிரல்கள் எழுதுவது அக்கால வழக்கமாயிற்று.

இரு உலாவிகள், இரு திசைகள்

பட்டியலுக்குள் உள்ள பொத்தானை அழுத்தினால், அழுத்தப்பட்டது பொத்தான் மட்டுமா, அதை உள்ளடக்கிய பட்டியலும்தானா? இரண்டும் என்பதே சரியான விடை. ஆனால் எதற்கு முதலில் செய்தி சொல்ல வேண்டும் என்பதில் இரு நிறுவனங்களும் மாறுபட்டன. நெட்ஸ்கேப் 4-இல் செய்தி உச்சியிலுள்ள ஆவணத்தில் தொடங்கிக் கீழே இறங்கியது. இது பிடித்தல் முறை எனப்படும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் செய்தி பொத்தானில் தொடங்கி, நீரின் அடியிலிருந்து எழும் குமிழி போல மேலே ஏறியது. இது குமிழல் முறை எனப்படும்.

உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2000 நவம்பர் 13 அன்று வெளியிட்ட ஆவணப் பொருள் மாதிரியின் இரண்டாம் நிலைப் பரிந்துரை, இரு முறைகளையும் ஏற்றுக்கொண்டது. நிகழ்வு முதலில் மேலிருந்து இறங்கும், இலக்கை அடையும், பின்னர் மேலே ஏறும். கையாளியைப் பதிவுசெய்ய ‘ஆட்ஈவென்ட்லிசனர்’ என்னும் வழி வகுக்கப்பட்டது. அதன் மூன்றாவது உள்ளீட்டைக் கொண்டு, இறங்கும்போது கேட்பதா ஏறும்போது கேட்பதா எனத் தேர்ந்துகொள்ளலாம். அதற்கு முன் ஓர் உறுப்பின் ‘ஆன்கிளிக்’ பண்பில் ஒரே ஒரு கையாளிதான் இருக்க முடிந்தது. இரண்டாவது வந்தால் முதலாவது அழிந்துவிடும். புதிய முறையில் எத்தனை கையாளிகளையும் சேர்க்க முடிந்தது.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1999-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5-இல் கொண்டுவந்த ‘அட்டாச்ஈவென்ட்’ என்னும் தன் முறையிலேயே நின்றது. அதில் பிடித்தல் முறை கிடையாது. எந்த உறுப்பின் மேல் கையாளி பதிவானதோ அவ்வுறுப்பைச் சுட்டவேண்டிய ‘திஸ்’ என்னும் சொல், அதில் சாளரத்தைச் சுட்டியது. இருபது கேள்விகள் உள்ள பட்டியலில் எந்தக் கேள்வி அழுத்தப்பட்டது என்று அறிவதே இதனால் சிக்கலானது. 2011-இல் வந்த ஒன்பதாம் பதிப்பில்தான் அவ்வுலாவி பொதுமுறையை ஏற்றது.

குமிழலால் விளைந்த ஒரு பிழை இன்றும் கற்பவர்களை வாட்டுவதுண்டு. ஒரு விரிசுருக்கப் பகுதிக்குள் இன்னொன்றை வைத்து, இரண்டிலும் அழுத்தலுக்குக் கையாளி எழுதினால், உள்பகுதியைத் திறக்க முயலும்போது செய்தி மேலேறி வெளிப்பகுதியை மூடிவிடும். செய்தி மேலேறாமல் தடுத்துவிடுவது உடனடித் தீர்வாகத் தோன்றும். ஆனால் பக்கத்தின் உச்சியில் அதே செய்திக்காகக் காத்திருக்கும் பிற நிரல்கள், எடுத்துக்காட்டாக வெளியே அழுத்தினால் பட்டியை மூடும் நிரல், அதனால் செயலிழக்கும்.

பட்டியலிலிருந்து மரம்

2002 நவம்பரில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் லாங்ரிட்ஜ் எழுதிய கட்டுரை ஒன்று விரிசுருக்கப் பகுதிகளை எழுதும் முறையில் திருப்பத்தை உண்டாக்கியது. அதுவரை ஒவ்வொரு வரியின் மேலும் ‘ஆன்கிளிக்’ எழுதப்பட்டது. அவரோ, வலைப்பக்கத்தில் சாதாரணப் பட்டியலை மட்டும் எழுதி, பக்கம் ஏற்றப்பட்ட பின் தனிக்கோப்பிலுள்ள நிரல் அப்பட்டியலைத் தேடிச் சென்று விரியும் மரமாக மாற்றுமாறு அமைத்தார். நிரல் இயங்காத உலாவியில் முழுப் பட்டியலும் விரிந்தபடியே தெரியும். எவருக்கும் எதுவும் இழப்பில்லை.

2003 மார்ச்சில் ஸ்டீவன் சாம்பியனும் நிக் ஃபின்க்கும் இதையொத்த எண்ணத்தைப் ‘படிப்படியான மேம்பாடு’ என்னும் பொருளில் ஒரு மாநாட்டில் விளக்கினர். உள்ளடக்கம் முதலில், தோற்றம் அடுத்து, செயல்பாடு அதற்கும் மேல் என்பது அதன் வரிசை. விரிசுருக்கப் பகுதிக்கு இது முதன்மையான பாடம். எழுதும்போதே உள்ளடக்கத்தை மறைத்துவிட்டு, நிரல் வந்து திறக்கும் என்று நம்பினால், நிரல் வராத நாளில் அது திறக்கவே திறக்காது.

பொதுநூலகங்களின் காலம்

உலாவிகளுக்கு இடையிலான வேறுபாட்டை மறைக்கும் ஒரே செயற்கூற்றை எழுதுவது 2000-களின் முதற்பாதியில் பலரின் முயற்சியாக இருந்தது. 2005-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த பீட்டர்-பால் காக், ‘ஆட்ஈவென்ட்’ என்னும் செயற்கூற்றைத் திருத்தி எழுதும் போட்டியை அறிவித்தார். அதில் வென்றவர் ஜான் ரெசிக் என்னும் அமெரிக்க இளைஞர். அவரே அடுத்த ஆண்டு ஜேகுவெரி என்னும் நூலகத்தை வெளியிட்டார். அதன் 1.0 பதிப்பு 2006 ஆகஸ்ட் 26 அன்று வந்தது.

ஜேகுவெரியில் மறைந்திருக்கும் பகுதியை மெல்லச் சறுக்கித் திறக்கவும் மூடவும் ஒரே சொல் போதுமானதாயிற்று. 2007-இல் வெளிவந்த அதன் துணை நூலகமான ஜேகுவெரி யுஐ, அக்கார்டியனை ஆயத்தப் பொருளாகவே தந்தது. நிகழ்வுகளை ஒப்படைத்தல் என்னும் உத்தியும் இக்காலத்தில் பரவியது. ஐம்பது கேள்விகள் உள்ள பட்டியலில் ஐம்பது கையாளிகளை வைக்காமல், அனைத்தையும் உள்ளடக்கிய வெளியுறுப்பில் ஒன்றை மட்டும் வைத்து, குமிழியாக ஏறிவரும் செய்தி எந்தக் கேள்வியிலிருந்து வந்தது என்று பார்ப்பதே அவ்வுத்தி. பின்னர் சேர்க்கப்படும் கேள்விகளுக்கும் அதே கையாளி பயன்படும். ஜேகுவெரியில் இதற்கான கட்டளை 2009-இல் ‘லைவ்’ என்றும், 2010-இல் ‘டெலிகேட்’ என்றும், 2011-இல் ‘ஆன்’ என்றும் வடிவம் மாறியது.

திறக்காத கதவுகள்

எழுதுவது எளிதானதால் விரிசுருக்கப் பகுதிகள் எங்கும் பெருகின. அவற்றுள் பெரும்பாலானவை ‘டிவ்’ என்னும் பொருளற்ற பெட்டியின் மேல் அழுத்தல் கையாளியை வைத்து உருவாக்கப்பட்டவை. கண்ணால் பார்ப்பவருக்கு அது பொத்தான். உலாவிக்கு அது வெறும் பெட்டி. தாவல் விசையை அழுத்தினால் அதன்மேல் கவனம் நிற்காது. உள்ளிடு விசையைத் தட்டினால் நிகழ்வு பிறக்காது. கை நடுக்கம் உள்ளவர்களும், சுட்டியின்றி விசைப்பலகையை மட்டும் நம்பியிருப்பவர்களும் அதைத் திறக்க வழியின்றி நின்றனர்.

பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான்களுக்கு நிலைமை இன்னும் கடினம். அங்கே அழுத்தக்கூடிய ஒன்று இருப்பதோ, அது மூடியிருப்பதோ அவர்களுக்கு அறிவிக்கப்படாது. விண்ணப்பத்தின் கடைசி நாளோ மருந்தின் எச்சரிக்கையோ அந்த மடிப்புக்குள் இருந்தால், அது அவர்களைப் பொறுத்தவரை எழுதப்படாததற்குச் சமம்.

இதற்கான விதிகள் முன்பே இருந்தன. 1999-இல் வெளியான வலை உள்ளடக்க அணுகல்தன்மை வழிகாட்டுதல்களின் முதல் பதிப்பும், 2008-இல் வந்த இரண்டாம் பதிப்பும், சுட்டியை மட்டுமே நம்பியிருக்கக் கூடாது என வலியுறுத்தின. 2014 மார்ச் 20 அன்று பரிந்துரையான ஏரியா என்னும் விதித்தொகுப்பு, ‘ஏரியா-எக்ஸ்பேண்டட்’ என்னும் பண்பைத் தந்தது. பொத்தானில் இப்பண்பு ‘ஃபால்ஸ்’ என இருந்தால் மூடிய நிலை என்றும், ‘ட்ரூ’ என இருந்தால் விரிந்த நிலை என்றும் திரைவாசிப்பான் அறிவிக்கும். ஆனால் பகுதி திறக்கும்போதெல்லாம் இப்பண்பை மாற்றுவது நிரலரின் பொறுப்பு. மாற்ற மறந்தால், திறந்த கதவை மூடியது என்று திரைவாசிப்பான் சொல்லும். கிடைக்காத தகவலைவிடத் தவறான தகவல் கூடுதல் இடர் தரும்.

2006-இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற நிரலரான மைக்கேல் கர்ரன் தொடங்கிய என்விடிஏ என்னும் கட்டற்ற திரைவாசிப்பான், இவ்வறிவிப்புகளை விலையின்றிப் பலருக்கும் கொண்டுசேர்த்தது. அதன் இடைமுகம் தமிழிலும் கிடைக்கிறது.

தொடுதிரையின் வருகை

2007-இல் ஐபோன் வெளியானபின், சுட்டி என்ற ஒன்றே இல்லாத கருவிகள் பரவின. சுட்டி மேலே வந்தாலே விரியும் பட்டிகள் பயனற்றுப்போயின. விரலால் தட்டியதும் அதை அழுத்தலாக எடுத்துக்கொள்ள உலாவி ஏறத்தாழ 300 மில்லிநொடி காத்திருந்தது. பயனர் இருமுறை தட்டிப் பக்கத்தைப் பெரிதாக்க முயல்கிறாரா என்று அறிவதற்கான காத்திருப்பு அது. இத்தாமதத்தைத் தவிர்க்கத் தொடுநிகழ்வுகளுக்குத் தனிக்கையாளி எழுதியவர்கள் வேறொரு சிக்கலைச் சந்தித்தனர். ஒரே தட்டலுக்குத் தொடுநிகழ்வும் அழுத்தலும் அடுத்தடுத்து வந்ததால், பகுதி திறந்த உடனேயே மூடிக்கொண்டது. கைப்பேசிக்கென அளவமைத்த பக்கங்களுக்கு 2014-இல் குரோமும், 2016-இல் ஐபோனின் சஃபாரியும் இத்தாமதத்தை நீக்கின.

டீடெய்ல்ஸ் உறுப்பு

ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதுவதை உலாவியே செய்தால் என்ன என்னும் எண்ணம் 2000-களின் நடுவிலேயே எழுந்தது. 2004 ஜூனில் ஆப்பிள், மொசில்லா, ஓபரா ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள் அமைத்த வாட்டிடபிள்யூஜி குழு, இயான் ஹிக்சனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வலைச் செயலிகளுக்கான வரைவை எழுதத் தொடங்கியது. அதில் ‘டீடெய்ல்ஸ்’ என்னும் உறுப்பு இடம்பெற்றது. விவரங்களைத் தன்னுள் மடித்து வைத்திருப்பது அதன் வேலை.

அதன் தலைப்பு வரிக்கு என்ன உறுப்பைப் பயன்படுத்துவது என்பதிலேயே சில ஆண்டுகள் கழிந்தன. முதலில் படிவங்களில் ஏற்கெனவே இருந்த ‘லெஜண்ட்’ கருதப்பட்டது. அது படிவத்துக்கு வெளியே வந்தால் பழைய உலாவிகள் தடுமாறின. பிறகு வரையறைப் பட்டியலின் உறுப்புகளைப் பயன்படுத்தும் எண்ணம் 2009-இல் வந்தது, அதுவும் நிலைக்கவில்லை. இறுதியில் ‘சம்மரி’ என்னும் புதிய உறுப்பே உருவாக்கப்பட்டது. ‘ஓப்பன்’ என்னும் பண்பு டீடெய்ல்ஸ் உறுப்பில் இருந்தால் அது திறந்த நிலை. இல்லாவிட்டால் மூடிய நிலை. முன்னர் நிரலுக்குள் ஒளிந்திருந்த நிலை, இங்கே ஆவணத்திலேயே எழுதப்பட்டது.

2011 ஜூனில் குரோம் 12 இவ்வுறுப்பை முதலில் ஏற்றது. 2012-இல் சஃபாரி 6 தொடர்ந்தது. ஃபயர்பாக்ஸ் 49, 2016 செப்டம்பர் 20 அன்று ஏற்றது. அதே ஆண்டு நவம்பரில் எச்டிஎம்எல் 5.1 பரிந்துரையில் இது இடம்பெற்றது. மைக்ரோசாஃப்டின் எட்ஜ் உலாவி, குரோமியம் அடித்தளத்துக்கு மாறிய பின் 2020 ஜனவரி 15 அன்று வெளியிட்ட 79-ஆம் பதிப்பில்தான் இது வேலை செய்தது. முதல் உலாவிக்கும் கடைசி முதன்மை உலாவிக்கும் இடையே எட்டரை ஆண்டுகள் கடந்திருந்தன.

இவ்வுறுப்பில் தாவல் விசை சம்மரியின் மேல் நிற்கும். உள்ளிடு விசையோ இடைவெளி விசையோ தட்டினால் அது அழுத்தல் நிகழ்வாகவே உலாவியால் எழுப்பப்படும். நிலையைத் திரைவாசிப்பானுக்கு உலாவியே அறிவிக்கும். நிரல் ஒருவரிகூடத் தேவையில்லை. எனினும் குறைகள் முற்றும் நீங்கவில்லை. சம்மரிக்குள் தலைப்பு உறுப்பை வைத்தால் சில திரைவாசிப்பான்கள் அதைத் தலைப்பாக அறிவிப்பதில்லை. தலைப்புகளைத் தாவித் தாவிப் படிப்பவர்களுக்கு இது இடையூறாகும்.

டாகிள் நிகழ்வு

டீடெய்ல்ஸ் உறுப்பு தானே இயங்கினாலும், அது திறந்தபின் படத்தை வரவழைப்பது, நிலையைச் சேமிப்பது போன்ற வேலைகளுக்கு நிரல் தேவைப்படும். சம்மரியின் மேல் நேரும் அழுத்தலைக் கேட்பது பலரின் முதல் எண்ணம். அதில் ஒரு குறை உண்டு. அழுத்தல் நிகழ்வின் கையாளி இயங்கும்போது பகுதி இன்னும் பழைய நிலையிலேயே இருக்கும். அந்நேரத்தில் ‘திறந்துள்ளதா’ என்று கேட்டால் தலைகீழான விடையே கிடைக்கும். மேலும், வேறொரு நிரல் ஓப்பன் பண்பை நேரடியாக மாற்றினால் அழுத்தலே நேராது.

இக்குறையைத் தீர்ப்பது ‘டாகிள்’ என்னும் நிகழ்வு. குரோமில் 2014-இலும், ஃபயர்பாக்ஸில் டீடெய்ல்ஸ் வந்த 49-ஆம் பதிப்பிலும் இது கிடைத்தது. விரலால் திறந்தாலும், விசையால் திறந்தாலும், நிரலால் திறந்தாலும், நிலை மாறியபின் டாகிள் எழும். ‘பயனர் என்ன செய்தார்’ என்பதை அழுத்தல் சொல்கிறது. ‘பகுதிக்கு என்ன நேர்ந்தது’ என்பதை டாகிள் சொல்கிறது.

இதன் இயல்புகள் நான்கு. முதலாவது, இது உடனே எழாமல் வரிசையில் காத்திருந்து எழும். அதற்குள் நிலை பலமுறை மாறினால் அவையெல்லாம் ஒரே நிகழ்வாகச் சேர்க்கப்படும். இரண்டாவது, இதைத் தடுக்க முடியாது. மாற்றம் முடிந்தபின் வரும் செய்தி இது. அழுத்தலால் திறப்பதைத் தடுக்க வேண்டுமென்றால் சம்மரியின் அழுத்தல் நிகழ்விலேயே இயல்புச் செயலை நிறுத்த வேண்டும். மூன்றாவது, எழுதும்போதே ஓப்பன் பண்பு சேர்க்கப்பட்ட பகுதிக்கும் பக்கம் ஏற்றப்படுகையில் டாகிள் எழும். எத்தனை பேர் திறந்தனர் என்று எண்ணும் நிரல் இதை அறியாவிட்டால் கணக்கு தவறும். நான்காவது, டாகிள் குமிழியாக மேலேறாது.

நான்காவது இயல்பால் உள்பகுதியின் செய்தி வெளிப்பகுதியைக் குழப்பும் பழைய பிழை ஒழிந்தது. ஆனால் வெளியுறுப்பில் ஒரே கையாளியை வைக்கும் ஒப்படைத்தல் உத்தி வழக்கமான முறையில் பயன்படாமல் போனது. இங்குதான் நெட்ஸ்கேப்பின் பழைய முறை துணைக்கு வருகிறது. மேலேறாத நிகழ்வும் கீழே இறங்கும்போது ஒவ்வொரு வெளியுறுப்பையும் கடந்தே செல்கிறது. ஆட்ஈவென்ட்லிசனரின் மூன்றாவது உள்ளீட்டை ‘ட்ரூ’ எனக் கொடுத்தால், ஆவணத்தின் உச்சியிலேயே எல்லா டாகிள் நிகழ்வுகளையும் பிடித்துவிடலாம். 1997-இல் போட்டியாக இருந்த இரு முறைகளையும் 2000-இல் கைவிடாமல் சேர்த்து வைத்ததன் பயன் இது.

2023-இல் மிதக்கும் பெட்டிகளுக்கான ‘பாப்ஓவர்’ பண்பு உலாவிகளுக்கு வந்தபோது, டாகிள் நிகழ்வு முந்தைய நிலையையும் புதிய நிலையையும் உடன்கொண்டு வருமாறு விரிவாக்கப்பட்டது. அவ்வடிவம் டீடெய்ல்ஸ் உறுப்புக்கும் பொதுவாயிற்று.

ஒரே பெயர், ஒரே திறப்பு

ஒன்றைத் திறந்தால் மற்றவை மூட வேண்டும் என்னும் அக்கார்டியன் முறைக்கு நிரல் தேவைப்படும் நிலை 2023 டிசம்பர் வரை நீடித்தது. அம்மாதத்தில் குரோம் 120, சஃபாரி 17.2 ஆகியவையும், 2024 செப்டம்பரில் ஃபயர்பாக்ஸ் 130-உம் டீடெய்ல்ஸ் உறுப்புக்கு ‘நேம்’ என்னும் பண்பை ஏற்றன. ஒரே பெயர் கொண்ட பகுதிகளுள் ஒன்று மட்டுமே திறந்திருக்கும். ஒன்று திறக்கும்போது தானாக மூடும் பகுதிக்கும் டாகிள் எழும். அப்பகுதியை யாரும் அழுத்தவில்லை. ஆயினும் அதன் நிலை மாறியுள்ளது. அழுத்தலை மட்டும் கேட்கும் நிரல் இதை அறிய வழியில்லை.

இருப்பினும், இரண்டு விடைகளை அருகருகே வைத்து ஒப்பிட விரும்பும் வாசகருக்கு இம்முறை தடையாகும். எங்கு பயன்படுத்துவது என்பதை உள்ளடக்கமே முடிவுசெய்ய வேண்டும்.

தேடலும் அச்சும்

மறைத்து வைத்த உரையைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாமை விரிசுருக்கப் பகுதிகளின் நெடுநாள் குறை. பக்கத்துக்குள் தேடும் வசதி மூடிய பகுதிக்குள் செல்லாது. 2022 ஜனவரியில் வந்த குரோம் 97, தேடிய சொல் மூடிய டீடெய்ல்ஸ் உறுப்புக்குள் இருந்தால் அதைத் தானே திறந்து காட்டியது. இங்கும் அழுத்தல் நேராது, டாகிள் எழும். அதே ஆண்டு மே மாதம் வந்த குரோம் 102, பிற உறுப்புகளையும் தேடிக் கிடைக்கும் வரை மறைத்து வைக்க வழி செய்தது. அவ்வாறு கிடைத்தவுடன், திறப்பதற்குச் சற்று முன் ‘பிஃபோர்மேட்ச்’ என்னும் நிகழ்வு எழும்.

அச்சிடும்போது மூடிய பகுதிகள் தாளில் வருவதில்லை. அச்சுக்கு முன் எழும் ‘பிஃபோர்பிரிண்ட்’ நிகழ்வில் எல்லாப் பகுதிகளையும் திறந்து, ‘ஆஃப்டர்பிரிண்ட்’ நிகழ்வில் பழைய நிலைக்குக் கொண்டுவருவது நிரலர்கள் கையாளும் முறை. விண்ணப்பத்தின் நிபந்தனைகளை அச்சிட்டு எடுத்துச் செல்பவருக்கு, விடுபட்ட ஒரு பத்தி பெரும் அலைச்சலைத் தரக்கூடும்.

மதிப்பீடு

எங்கல்பார்ட் 1968-இல் ஒரு கடைப்பட்டியலை மடித்துக் காட்டியதற்கும், எல்லா முதன்மை உலாவிகளும் டீடெய்ல்ஸ் உறுப்பை ஏற்றதற்கும் இடையே அரை நூற்றாண்டு கழிந்துள்ளது. வலையில் கழிந்த காலத்தின் பெரும்பகுதி, உலாவிகளுக்கிடையே ஒரே நடைமுறையைக் கொண்டுவருவதிலேயே செலவாயிற்று. அந்த இடைவெளியில் நூலகங்கள் பெரும் தொண்டாற்றின. அதேவேளையில், கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சரியாகச் செய்து, விசைப்பலகையையும் திரைவாசிப்பானையும் மறந்த எண்ணற்ற பக்கங்களும் அவற்றின் துணையாலேயே உருவாயின.

இவ்வரலாறு தரும் நடைமுறைப் பாடங்கள் சில. உலாவி தரும் உறுப்பு போதுமானால் அதையே பயன்படுத்த வேண்டும். தனியே எழுத வேண்டிய இடத்தில் பெட்டிக்குப் பதில் பொத்தான் உறுப்பையும் நிலையறிவிக்கும் பண்பையும் சேர்க்க வேண்டும். நிலை மாற்றத்தை அறிய அழுத்தலைவிட டாகிளையே கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எல்லோரும் படித்தே ஆகவேண்டிய செய்தியை மடிப்புக்குள் வைக்காமல் வெளியிலேயே எழுதிவிடுவது நல்லது. அதற்கு எந்த நிகழ்வுக் கையாளியும் தேவைப்படாது.